நம்பர் செத்த வண்டி

கொஞ்சம் கிட்ட வாங்க. இந்தக் கண்ணாடி இதுக்கு மேல இறங்காதுங்க. நாலு விரல் சந்துதான், அது வழியாப் பேசினாத்தான் உண்டு.

நீங்க அந்த நீலக் கலர் ஸ்கூட்டிக்கு வந்தவர்தானே? என்ன, ஹெல்மெட் இல்லையா, லைசென்ஸ் இல்லையா? ரெண்டுமே இல்லையா! நல்லாப் பொழைச்சீங்க போங்க. ரைட்டர் டீ குடிக்கப் போயிருக்காரு. அவர் வந்து எழுதாம உங்களுக்குச் சாவி கிடையாது. அவர் வந்து எழுதினா எனக்கு வண்டி கிடையாது. அதனால நீங்க அவர் சீக்கிரம் வரணும்னு வேண்டிக்கோங்க, நான் அந்த டீ ஆறாம இருக்கணும்னு வேண்டிக்கறேன். அதுவரைக்கும் அந்தத் தார் டிரம் மேல உட்காருங்க. துடைச்சுட்டு உட்காருங்க.

ஏனுங்க சிரிக்கறீங்க? ஸ்டேஷன் காம்பவுண்டுக்குள்ள ஒருத்தன் காருக்குள்ளயே உட்கார்ந்திருந்தா அவ்வளவு வேடிக்கையா? நான் இறங்க மாட்டேனுங்க. காலையில இருந்து இறங்கலை. ஏட்டு வந்து சொன்னாரு, எஸ்.ஐ. வந்து சொன்னாரு, கேன்டீன்காரன் கூட வந்து சொன்னான். இறங்கினா வண்டி அவங்களுது. உட்கார்ந்திருக்கிற வரைக்கும் என்னுது. அவ்வளவுதான் சட்டம். எந்தப் புஸ்தகத்துல இருக்குன்னு கேட்காதீங்க, நான் புஸ்தகம் படிச்சவன் இல்லை.

முன்னாடி போய் நம்பர் பிளேட்டைப் பாருங்க. பார்த்துட்டு வாங்க, நான் எங்கயும் போயிட மாட்டேன்.

பார்த்தீங்களா? கறுப்புத் தகடு, வெள்ளை எழுத்து. எம்.டி.சி. மூவாயிரத்து எழுநூத்துப் பதினெட்டு. கையால எழுதினது. இப்ப எல்லாரும் மாட்டறாங்களே மெஷின்ல அடிச்சது, அது இல்லை. மெட்ராஸ்னு நம்ம ராஜ்ஜியத்துக்கே பேரு இருந்த காலத்து நம்பருங்க அது. இந்த ஹெரால்டு வண்டிக்கு அன்னைக்குப் போட்டது. வண்டியோட பிறந்த நம்பர்.

அது செத்துப்போச்சாம்.

வண்டி ஓடுது. ஹாரன் அடிக்குது. லைட் எரியுது. நான் சாவியைத் திருப்பினா இந்த ஸ்டேஷன் ஜன்னல் எல்லாம் அதிரும். ஆனா நம்பர் செத்துப்போச்சு. யார் கொன்னாங்கன்னு கேளுங்க. ஒரு பொம்பளை. புலியகுளத்துல இருக்கற ஒரு பொம்பளை, பேரு பிலோமினா. அந்தம்மா எனக்குப் பண்ணினதை எதிரிக்குக் கூட யாரும் பண்ண மாட்டாங்க.

என்னைத் தெரியுமா உங்களுக்கு? உக்கடத்துல ஆக்ஸில் கிட்டுன்னு கேட்டுப் பாருங்க. பேரு கிட்டுச்சாமி. ஆக்ஸில் வித்து ஆரம்பிச்சேன், அதனால அந்தப் பேரு. இன்னைக்கு இந்த ஊர்ல எந்தப் பழைய வண்டிக்கு எந்தச் சாமான் வேணும்னாலும் என்ற கடைக்குத்தான் வரணும். பள்ளிக்கூடம் போகலை. எங்கப்பா பொள்ளாச்சி சந்தையில மாட்டுத் தரகர். அவர் பக்கத்துல நின்னு கத்துக்கிட்டதுதான் என்ற படிப்பு. தோத்துத் தோத்துக் கத்துக்கிட்டேன். நான் பேசி முடிக்காத வியாபாரம் இல்லைங்க. கோவிச்சுக்கிட்டு எழுந்து போயிருவேன். அவங்களே பின்னாடி வந்து கூப்பிடுவாங்க. கூப்பிடலைன்னா வாசல்ல செருப்பு மாட்டற மாதிரி ரொம்ப நேரம் நிப்பேன். கூப்பிட்டுருவாங்க.

இந்த ஊர்ல பழைய கார் சங்கம்னு ஒண்ணு இருக்கு. மில்லுக்காரங்க வீட்டுப் பசங்க, டாக்டருங்க, அந்த மாதிரி ஆளுங்க. மாசி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ஊர்வலம் போவாங்க. வண்டியெல்லாம் துடைச்சு, மாலை போட்டு, தொப்பி வச்சுக்கிட்டு. அந்த வண்டிகள்ல பாதி என்ற சாக்குல இருந்து வந்ததுதான். இவனுக்குக் கார்புரேட்டர், அவனுக்கு ஸ்டியரிங். ஆனா ஊர்வலத்தன்னைக்கு நான் எங்க நிப்பேன் தெரியுமா? கேட்டுக்கிட்ட. சாக்கு மூட்டையோட. ஹரிகோவிந்துன்னு ஒருத்தன் தலைவர், என்ற மகன் வயசு இருக்கும். "கிட்டு, நீ கேட்டுக்கிட்டயே நில்லு. யாருக்காச்சும் ஏதாச்சும் கழண்டா கூப்பிடறேன்"ம்பான். உள்ளே அவங்களுக்கு இலை போட்டு டிபன். எனக்குப் பொட்டலம் வரும். பொட்டலத்துல சட்னி எப்பவும் ஒழுகிப் போயிருக்கும்.

ஒரு வருசம் கேட்டுட்டேன். "ஏன் தம்பி, நானும் ஒரு வண்டியோட வந்தா?"

சிரிச்சான். கெட்டவன் இல்லை, ஆனா சிரிச்சான். "தாராளமா வா கிட்டு. ஆனா பிறந்த நம்பரோட இருக்கற வண்டிதான் வரிசையில நிக்கலாம். அது சங்கத்துச் சட்டம். நீ பாட்டுக்கு நாலு வண்டியை அறுத்து ஒரு வண்டி பண்ணி, அதுக்குப் புது நம்பர் வாங்கிட்டு வந்து நின்னுடாத." சுத்தி நின்னவங்களும் சிரிச்சாங்க.

பிறந்த நம்பராம். என்ற பிறந்த தேதியே எனக்குத் தெரியாதுங்க. எங்கம்மா "மழை அடிச்சு ஓய்ஞ்ச வாரம்"னு சொல்லும், அவ்வளவுதான். ஆனா அன்னைக்கு முடிவு பண்ணிட்டேன். பிறந்த நம்பரோட ஒரு வண்டி. கேட்டுக்கு உள்ளே. இலை போட்டு டிபன்.

அப்பத்தான் இந்த வண்டி கண்ணுல பட்டுச்சு. புலியகுளம் சர்ச்சுக்குப் பின்னாடி ஒரு சந்து. தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. தார்ப்பாய்க்குக் கீழ அந்தக் கறுப்புத் தகடு மட்டும் தெரிஞ்சது. எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிச்சுங்க. பொண்ணு பார்க்கப் போனப்பக் கூட அப்படி அடிக்கலை.

போன ஆடியில போனேன். ஆடியில யாரும் வண்டி வாங்க மாட்டாங்க, விலை இறங்கும். நான் ஆடியிலதான் வாங்குவேன். அந்தம்மா கிறிஸ்தவங்க, அவங்களுக்கு ஆடி கிடையாதுங்கறது வாசல்ல நிக்கும்போதுதான் உறைச்சது. போகட்டும்.

வீட்டுக்காரர் ஞானப்பிரகாசம், மில்லுல வீவிங் மாஸ்டர், தவறிப்போயிட்டாரு. குழந்தைங்க இல்லை. அந்தம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டரா இருந்து ரிட்டயர் ஆனது. அந்த வேலை அவங்களை விட்டுப் போகவே இல்லைங்க. நாம என்ன சொன்னாலும் திருப்பி ஒரு தடவை சொல்லும். "அப்ப, நீங்க உக்கடத்துல இருந்து வர்றீங்க. சரிதானே?" "அப்ப, உங்களுக்குக் காபியில சர்க்கரை கம்மி. சரிதானே?" எனக்கு எரிச்சலா வந்துச்சு. பேரம்ங்கறது தண்ணி மாதிரிங்க. ஓடிக்கிட்டே இருக்கணும். இப்படி ஒவ்வொரு சொல்லையும் பிடிச்சுச் செம்புல ஊத்தி வச்சா எப்படிப் பேசறது?

பேரம்னா என்னன்னு உங்களுக்குச் சொல்றேன். எங்கப்பா சொல்வாரு: "மாட்டை வாங்கற வரைக்கும் பழி, வாங்கின பிறகு கும்பிடு." சந்தையில விலையை வாயால பேச மாட்டாங்க. துண்டைப் போட்டு மூடி, அதுக்குள்ள கையை விட்டு, விரலைப் பிடிச்சுப் பேசுவாங்க. மூணாம் மனுசனுக்குத் தெரியக் கூடாது. வாய் பாட்டுக்கு "இது மாடா, எலும்புக் கூடு"ன்னு திட்டிக்கிட்டு இருக்கும், விரல் உள்ளே நல்ல விலை கேட்கும். ஒத்துக்கிட்டா முழுக் கையையும் பிடிச்சு ஒரு அமுக்கு. அமுக்கினா முடிஞ்சது. அதுக்கப்புறம் மாறினவனுக்குச் சந்தையில தண்ணி கூடக் கொடுக்க மாட்டாங்க. கைதான் சத்தியம். வாயில வர்றது எதுவும் கணக்குல வராது. அது பொய் கிடையாது, பேரம். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவங்க வியாபாரத்துக்கு வரக்கூடாதுங்க.

அன்னைக்கு அந்தம்மா சாவி கொடுத்துச்சு. திருப்பினேன். ஒரே திருப்பு. அப்படியே பூனை மாதிரி உறுமிச்சு. வீட்டுக்காரர் கடைசி வாரம் வரைக்கும் ஓட்டியிருக்காரு, அப்புறமும் அந்தம்மா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. வரலாமா? வரக்கூடாது. முகத்தைச் சுளிச்சுக்கிட்டு "என்னம்மா இது, எருமை இருமற மாதிரி இருக்கு"ன்னேன். இறங்கி பானெட்டைத் தூக்கிப் பார்க்கற மாதிரி டிஸ்ட்ரிபியூட்டர் வயரை லேசா நெகிழ்த்தி விட்டேன். வண்டி ரெண்டு குலுங்கு குலுங்கி நின்னுபோச்சு. மறுபடி திருப்பினேன். வரலை. வராது, எப்படி வரும்?

அட, முகத்தை ஏன் அப்படி வச்சுக்கறீங்க? எல்லாரும் பண்றதுதான். மாட்டோட பல்லைப் பிடிச்சுப் பார்த்து "கிழம்"னு சொல்ற மாதிரிதான் இதுவும். நீங்க மீன் வாங்கறப்பச் செவுளைத் தூக்கிப் பார்த்து "நேத்துப் பிடிச்சதா"ன்னு கேட்கறதில்லையா?

"இது செத்த வண்டிம்மா"ன்னேன்.

"அப்ப, வண்டி இனிமேல் ஓடாதுன்னு சொல்றீங்க. சரிதானே?"

"ஓடவே ஓடாது. கதவே திறக்கலை பாருங்க." அதுவும் உண்மைதான். ஸ்டியரிங் பக்கத்துக் கதவு உள்ளே இருந்து திறக்காது. கண்ணாடியும் நாலு விரலுக்கு மேல இறங்காது. நான் உட்கார்ந்து சாத்திட்டேன், வெளியில வர முடியலை. அந்தம்மாதான் வந்து திறந்து விட்டுச்சு. அதுலயும் ஒரு வித்தை இருக்கு. கைப்பிடியைக் கீழ அமுக்கிக்கிட்டே இடுப்பால கதவை ஒரு தள்ளு தள்ளி, அப்புறம் இழுக்கணும். "ஏம்மா இதை ரிப்பேர் பண்ணலை?"ன்னு கேட்டேன். "அவர் வந்து ஹாரன் அடிப்பார், நான் வந்து திறந்து விடுவேன். அதுக்கு எதுக்கு ரிப்பேர்?"னு சொல்லுச்சு. அதையும் விலையில கழிச்சுட்டேன்.

என்ன? என்ன கேட்டீங்க?

அப்படின்னா நான் இப்ப எப்படி இறங்குவேனா?

அது எதுக்குங்க உங்களுக்கு? நான்தான் இறங்க மாட்டேன்னு சொல்றேனே. இறங்க மாட்டாதவனுக்குக் கதவு திறந்தா என்ன, திறக்காட்டி என்ன? அந்தப் பக்கக் கதவா? மணல் லாரியை ஒட்டி நிறுத்தியிருக்காங்களே, பார்க்கலையா? காகிதம் நுழையாது. காலையில இந்தக் கதவைச் சும்மா ஒருக்களிச்சுத்தான் வச்சிருந்தேன், ஏட்டு கையைப் பிடிச்சு இழுக்க வந்தாரு. நான் கோவத்துல கதவை இழுத்து அடிச்சுச் சாத்தினேன். சாத்தின பிறகுதான் ஞாபகம் வந்துச்சு. அதனால என்ன, முடிவு என்னுது. ஏய், ஏய், கைப்பிடியைத் தொடாதீங்க! உங்களுக்குத் திறக்கவும் வராது. அப்படியே திறந்தாலும், "இறங்கிட்டான்"னு அந்த எஸ்.ஐ. வண்டியை உள்ளே தள்ளிருவாரு. போய் டிரம் மேல உட்காருங்க. தண்ணி இருந்தா மட்டும் கொடுங்க. அந்தச் சந்து வழியா பாட்டில் நுழையும். இல்லை, நுழையாது. பரவால்ல. ஊத்துங்க, கையில பிடிச்சுக்கறேன்.

நன்றிங்க.

எங்க விட்டேன்? விலை. விலையை உங்ககிட்டச் சொல்ல மாட்டேன், தொழில் ரகசியம். ஆனா அந்தம்மா யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லுச்சு. யோசிக்க விட்டா போச்சு, யாராவது வந்து நல்ல விலை சொல்லிருவான். உக்கடத்துலயே பஷீர்னு ஒருத்தன் இருக்கான், மோப்பம் பிடிச்சுக்கிட்டே திரிவான். அதனால நான் எல்லார்கிட்டயும் சொல்றதை இந்தம்மாகிட்டயும் சொன்னேன். "இதப் பாருங்கம்மா. செத்த வண்டி உங்க வீட்டுக்காரர் பேர்ல நிக்குது. நாளைக்கு எவனாவது இந்த நம்பரைத் திருடி மாட்டிக்கிட்டு ஏதாச்சும் பண்ணினா போலீஸ் உங்க வீட்டுக்குத்தான் வரும். வண்டி செத்துப்போச்சுன்னு ஆர்.டி.ஓ. ஆபீஸுல எழுதிக் கொடுத்து நம்பரை முடிச்சு விட்டுருங்க. இல்லைன்னா என்கிட்டத் தள்ளி விட்டுட்டு நிம்மதியா இருங்க."

இதை நான் எத்தனையோ பேர்கிட்டச் சொல்லியிருக்கேங்க. பயந்துக்கிட்டு வண்டியைத் தள்ளி விடுவாங்களே தவிர, ஒருத்தர் கூட எந்த ஆபீஸுக்கும் போனதில்லை. யாருங்க போவா? வெயில்ல பஸ் ஏறி, க்யூவுல நின்னு?

இந்தம்மா போயிருக்கு.

எனக்கு வண்டியைக் கொடுத்துச்சு, சொன்ன விலைக்கே கொடுத்துச்சு. மறுநாள் குடையை எடுத்துக்கிட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய், "என் கணவர் பேரில் உள்ள மேற்படி வாகனம் இனி ஓடாத நிலையை அடைந்துவிட்டதாக, விவரம் தெரிந்தவர் பார்த்துச் சொல்லியிருக்கிறார், ஆகவே பதிவை நீக்கிவிடவும்"னு எழுதிக் கொடுத்துருச்சு. விவரம் தெரிந்தவராம். நான்தான். யாராவது போவாங்களா? ஒரு மனுசன் வியாபாரத்துல பேசினதை எடுத்துட்டுப் போய் அரசாங்கத்துக்கிட்டக் கொடுப்பாங்களா? என்ன மாதிரி பொம்பளைங்க அது?

எனக்கு அது தெரியாது. நான் பாட்டுக்கு வண்டியைக் கடைக்குப் பின்னாடி நிறுத்தி, தை முடியற வரைக்கும் உழைச்சேன். வயரை மாட்டினதும் ஓட ஆரம்பிச்சுருச்சு, அது வேற. நான் சொல்றது பெயிண்ட், சீட்டு, பம்பர், எல்லாம். கதவை மட்டும் தொடலை. அதுக்கு வேண்டிய பூட்டு எங்கயும் கிடைக்கலை. மத்தவங்களுக்கெல்லாம் தேடிக் கொடுக்கற எனக்கே கிடைக்கலை. அப்புறம் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனேன். அம்பது வருசம் தாண்டின வண்டிக்குத் தனிப் பதிவு இருக்குங்க. பழைய நம்பர் இருந்தா அதையே வச்சுக்கலாம். எல்லாம் விசாரிச்சு வச்சிருந்தேன்.

அந்த ஆபீசர் கம்ப்யூட்டரைத் தட்டினாரு. நெத்தியைச் சொறிஞ்சாரு. "ஐயா, இந்த நம்பர் உயிரோட இல்லையே"ன்னாரு.

வண்டியை ஆபீஸ் வாசலுக்கே கொண்டு வந்து ஸ்டார்ட் பண்ணிக் காட்டினேன். "உயிரோட இல்லாததா இப்படிக் கத்துது?"ன்னு நானும் கத்தினேன். ரெண்டு செக்யூரிட்டி வந்துட்டாங்க. அவர் நல்ல மனுசன்தான். உட்கார வச்சுச் சொன்னாரு: "புது நம்பர் வேணும்னா வழி இருக்கு. இதே நம்பர் வேணும்னா, தப்பான தகவலால பதிவு நீங்கிப்போச்சுன்னு நான் மேல எழுதணும். அதுக்கு அந்தம்மா வந்து சொல்லணும். அந்தம்மாவுக்குத் தகவல் சொன்ன ஆளும் வந்து, அன்னைக்கே வண்டி நல்லா ஓடுச்சு, நான்தான் மாத்திச் சொன்னேன்னு சொல்லணும்."

"அந்தம்மாவைக் கூட்டிட்டு வர்றேன், அந்தம்மா சொன்னாப் போதாதா?"ன்னேன்.

"நீங்களும் சொல்லணுமுங்க"ன்னாரு.

புலியகுளம் போனேன். பழம் வாங்கிட்டுப் போனேன், ஆப்பிள். இதுவரைக்கும் எந்த வியாபாரத்துக்கும் நான் ஆப்பிள் வாங்கினது இல்லை. அந்தம்மா காபி கொடுத்துச்சு. சர்க்கரை கம்மி. நான் விசயத்தைச் சொன்னேன். "நீங்க தெரியாம எழுதிட்டீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க, முடிஞ்சது"ன்னேன்.

"நான் தெரியாம எழுதலையே. நீங்க சொன்னதைத்தானே எழுதினேன்? அவர் ஓட்டின வண்டி செத்துப்போச்சுன்னு என் கையால எழுதிக் கொடுத்துட்டு வந்து ரெண்டு நாள் நான் சாப்பிடலை"ன்னுச்சு. அப்புறம், "வண்டி அன்னைக்கு ஓடுச்சுன்னு நீங்க சொல்லுங்க. நீங்க மாத்திச் சொன்னா நானும் மாத்திச் சொல்றேன்"னுச்சு.

பாருங்க, எப்படிப் பேரம் பேசுது! எனக்கே பேரம்!

என்ன, சொல்லிட்டாத்தான் என்னவா? நல்லாக் கேட்டீங்க போங்க. ஒரு வண்டிக்குச் சொன்னா எல்லா வண்டிக்கும் சொல்லணுமுங்க. ஆக்ஸில் கிட்டு ஒரு ஆபீசர் முன்னாடி "ஓடின வண்டியை ஓடலைன்னு சொல்லி வாங்கினேன்"னு சொல்லிட்டான்னு வைங்க. சாயந்தரத்துக்குள்ள உக்கடம் முழுக்கத் தெரியும். எனக்கு வண்டி வித்தவன், எஞ்சின் வித்தவன், எல்லாரும் என்ற கடை வாசல்ல வந்து நிப்பாங்க. "என்ற வண்டியும் அன்னைக்கு ஓடுச்சாண்ணா?"ன்னு கேட்பாங்க. அதுல ரெண்டு பேர் என்ற சொந்தம். ஒருத்தன் என்ற மச்சினன். நாளைக்கு எவன் வீட்டு வாசல்ல போய் நின்னு நான் "செத்த வண்டி"ன்னு சொன்னாலும், அவன் என்னைப் பார்த்துச் சிரிப்பான். அப்புறம் எனக்கு என்ன தொழில் இருக்கு? என்ற வாய்தான் என்ற கடை.

சொல்லலை. கோவிச்சுக்கிட்டு எழுந்து வந்துட்டேன். வாசல்ல ரொம்ப நேரம் செருப்பு மாட்டினேன்.

அந்தம்மா கூப்பிடலை.

ஆப்பிளை மட்டும் கொண்டு வந்து திருப்பிக் கொடுத்துச்சு.

சரி, நம்பர் செத்தா என்ன, தகடு இருக்குல்ல? தகடு யாருது? என்னுது. இன்னைக்குக் காலையில மாட்டினேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அவினாசி ரோட்டுல வந்தேன் பாருங்க, மேம்பாலத்துக்குக் கீழ எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. ஒரு பஸ் டிரைவர் சல்யூட் வச்சான். சங்கத்துக் கேட்டுக்கிட்ட ஹரிகோவிந்து நின்னான். தகடைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "கிட்டு! பிறந்த நம்பர்!"னு சொல்லி கேட்டை அவனே திறந்து விட்டான்.

முன் சக்கரம் உள்ளே போயிருச்சுங்க. பின் சக்கரம் வெளியில. அப்பத்தான் ஊர்வலத்துப் பந்தோபஸ்துக்கு வந்த இந்த எஸ்.ஐ. கையில இருந்த போனுல எல்லா நம்பரையும் தட்டிக்கிட்டு வந்தாரு. என்ற நம்பரையும் தட்டினாரு.

எல்லார் முன்னாடியும். தொப்பி போட்டவங்க அத்தனை பேர் முன்னாடியும்.

இங்க கொண்டு வந்து நிறுத்திட்டாங்க. எஸ்.ஐ. சொல்லியிருக்காரு: "நீக்கின நம்பரை மாட்டி ஓட்டியிருக்கீங்க. அந்தம்மாவுக்கு ஆள் அனுப்பியிருக்கேன். அந்தம்மா முன்னாடி நடந்ததைச் சொன்னீங்கன்னா, நான் கேஸ் எழுதாம ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கே விசயத்தை அனுப்பிடறேன். சொல்லலைன்னா ரைட்டர் வந்ததும் எழுதிருவாரு, வண்டி கோர்ட்டுக்கு." கோர்ட்டுக்குப் போன வண்டி என்ன ஆகும்னு பாருங்க, அதோ, அந்த அம்பாசிடர். அதுக்குள்ள முளைச்சிருக்கறது முருங்கை மரமுங்க.

இருங்க. சத்தம் கேட்குதா? அது ஆஸ்டின். அதுக்குப் பின்னாடி அது மோரிஸ், அந்த சைலன்சர் நான் கொடுத்தது. ஊர்வலம் இந்த ரோட்டுலதான் போகும். எல்லாச் சத்தமும் எனக்குத் தெரியும். ஒவ்வொண்ணா போகுது. பார்க்க முடியலை, சுவர் மறைக்குது. நீங்க எட்டிப் பார்த்துச் சொல்லுங்க. மாலை போட்டிருக்காங்களா? சரி விடுங்க, சொல்ல வேண்டாம்.

உள்ளே நெம்ப வெக்கையா இருக்குங்க.

அதோ வருது பாருங்க. குடை. பூசை முடிஞ்சு நேரா வருது போல, முக்காடு கூட எடுக்கலை. அந்தம்மாதான். நீங்க போயிடாதீங்க. இங்கயே இருங்க.

வாங்கம்மா. நான் நல்லாத்தான் இருக்கேன். இல்லைம்மா, இறங்கலை, முடிவு பண்ணி உட்கார்ந்திருக்கேன். ஆமாம்மா, கதவு. நீங்க ஒண்ணும் திறக்க வேண்டாம். எஸ்.ஐ. சொன்னாரா? எல்லாம் சொன்னாரா?

கேட்டீங்களா தம்பி, வந்ததும் வராததுமா "ஓடுச்சா, இல்லையா"ங்குது. குசலம் கூட விசாரிக்கலை.

ஓடற மாதிரி இருந்துச்சும்மா. ஒரு மாதிரி. அப்படி இல்லைன்னா, ஓடியிருக்கலாம்னு வச்சுக்கங்களேன். உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம், நடுவுல முடிச்சுக்கலாம். ஏனுங்க தம்பி, நீங்க கொஞ்சம் பேசி விடுங்க. "ஓடியிருக்கலாம்"னு எழுதினா ஆபீசருக்குப் புரியாதா? முடியாதா? என்னம்மா முடியாது? "பாதி ஓடுச்சு"?

தலையை ஆட்டுது. இறங்கியே வர மாட்டேங்குது. இப்படி ஒரு கட்டை நான் சந்தையிலயே பார்த்ததில்லை.

அம்மா, குடையை மடிக்காதீங்க, வெயில்ல நிக்காதீங்க. போறீங்களா? இருங்க. இருங்கம்மா. அந்தா, ரைட்டர் வேற டீக்கடையில இருந்து வர்றாரு. அவர் பின்னாடி யாரு அது, போனைத் தூக்கிக்கிட்டு? பஷீரு! எவன் சொன்னான் இவனுக்கு?

சரி. சரிம்மா. கிட்ட வாங்க. இன்னும் கிட்ட. தம்பி, நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க. திரும்புங்கன்னா. இந்தத் துண்டை இப்படிச் சந்துல போடறேன். அம்மா, துண்டுக்கு அடியில உங்க கையைக் கொடுங்க. பயப்படாதீங்க, வழக்கம்தான் இது. உங்க கையில குடை இருக்கு, இன்னொரு கை. ஆங். நீங்க என்ன கேட்டீங்களோ அதை மனசுல நினைச்சுக்கோங்க.

அமுக்கிட்டேன்.

முடிஞ்சதும்மா. அமுக்கிட்டேனே! அமுக்கினா என்ன அர்த்தமா? ஐயோ. அமுக்கினா ஆமான்னு அர்த்தம். நீங்க கேட்டதுக்கு ஆமான்னு. என்ன கேட்டீங்களா? அதான்மா, அன்னைக்கு, வண்டி... வயரை நான்தான்... ஆமாம்மா. ஓடுச்சு. நல்லா ஓடுச்சு. பூனை மாதிரி ஓடுச்சு. போதுமா?

ஏம்மா, மெதுவா! மெதுவாச் சொல்லுங்க! கேட்டீங்களா தம்பி? "அப்ப, வண்டி அன்னைக்கு நல்லா ஓடுச்சு, நீங்கதான் வயரைக் கழட்டினீங்க. சரிதானே?"ன்னு ஸ்டேஷனுக்கே அறிவிப்பு கொடுக்குது. துண்டு எதுக்குப் போட்டேன் நான்? ஜன்னல்ல எஸ்.ஐ. தலையை ஆட்டறாரு. ரைட்டர் சிரிக்கறாரு. பஷீர் போன்ல பேச ஆரம்பிச்சுட்டான். யாருக்குப் பேசுவான்? என்ற மச்சினனுக்குத்தான்.

சரிதானம்மா. சரிதான். ஆமா, சரிதான்னுதானே சொல்றேன்.

அழுகறீங்களா? அதான் செத்துப்போகலைன்னு சொல்லிட்டேனே. நல்ல வண்டிம்மா. நான் பார்த்ததுலயே நல்ல வண்டி.

கைப்பிடியை அமுக்கி, இடுப்பால தள்ளி... ஆங். திறந்துருச்சு.

காத்து வருதுங்க.

தம்பி, ரைட்டர் வந்துட்டாரு பாருங்க, போய் உங்க சாவியை வாங்கிக்கோங்க. நானா? வர்றேன், வர்றேன். அந்த பஷீர் இன்னும் கேட்டுலயேதான் நிக்கறானா? அவன்கூட இன்னும் ரெண்டு பேரா?

அம்மா. கதவைச் சாத்திருங்க.

இல்லம்மா, பரவால்ல, நல்லா இழுத்தே சாத்துங்க. வெயில் தாழட்டும். நான் ஹாரன் அடிக்கறேன்.